முகத்தில் விழ வேண்டிய வெளிச்சம்

காலை ஒன்பதே கால். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஹாலில் ஏணி மேல் நின்று, ஃபால்ஸ் சீலிங்கில் ஹோல்சாவை வைத்தேன். டவுன்லைட் பதிக்க ஜிப்சம் போர்டில் வட்டமாக ஓட்டை போடும் பிளேடு அது. அழுத்துவதற்கு முன் கண்ணில் பட்டது, கீழே உயர்ந்து நின்ற ஒரு கை.

“நிறுத்துங்கோ அண்ணா.”

வீட்டு மருமகள் வேதா. தூசிக்காகப் போட்டிருந்த மாஸ்க்குக்குள்ளிருந்தே “ஏம்மா?” என்றேன்.

“மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்கோ. எனக்குக் காது கேக்காது.”

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சலில் கேட்கும் திறன் போய்விட்டது. பேச்சு தெளிவாக வரும். பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கணவருக்கு வெளியூரில் வேலை. பேச்சுத் துணைக்கு மாமனாரும் மாமியாரும்தான். நான் மார்க் செய்திருந்த இடங்களோ சோபாவுக்கு நேர் மேலே.

“உச்சந்தலைல வெளிச்சம் அடிச்சா வாய் நிழல்ல போயிடும். அப்புறம் இந்த ஆத்துல யார் என்ன பேசறான்னே எனக்குத் தெரியாது.”

டிராயிங் போட்டவர் மாமனார், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “வரிசையா இருந்தாத்தானே லட்சணம்?” என்றார்.

வேதா வாதாடவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார். ஒரு டவுன்லைட்டுக்குத் தற்காலிகமாக ஒயர் கொடுத்து, மாமனாரின் தலைக்கு மேல் என்னைப் பிடிக்கச் சொன்னார். எதிரே உட்கார்ந்து, “ஏதாவது சொல்லுங்கோப்பா,” என்றார்.

மாமனார் ஒரு பாசுரம் சொன்னார். வேதா ஒரு சொல் பிசகாமல் அதைத் திருப்பிச் சொன்னார்.

“பாத்தியா! நன்னாத் தெரியறதே!”

“ஆரம்பம் மட்டுந்தான் தெரிஞ்சது. மீதி எனக்கு மனப்பாடம். பேப்பரைப் படிங்கோ.”

சோதனையில் இருந்த குறை எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. பேப்பர் செய்தியில் பாதிக்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை.

“அந்த மீசையும் ஒரு காரணம். கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், எடுக்க மாட்டேங்கறார்,” என்றார் மாமியார்.

“லைட் மாட்ட வந்த எடத்துல என் மீசைக்கு என்னடி வழக்கு?”

ஏணியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினேன். முகத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சரிவாக வெளிச்சம் விழுந்தபோது, குடிநீர்க் குழாய் உடைப்புச் செய்தி முழுவதையும் வேதா தடையில்லாமல் திருப்பிச் சொன்னார். மாமனார் பேப்பரை மடித்து வைத்தார்.

“டிராயிங்கை விட்டுடுங்கோ. அவ சொல்ற எடத்துல போடுங்கோ.”

பிறகு நடந்ததுதான் வேலை. வழக்கமாக உட்காரும் இடங்களில் இருவரையும் உட்கார வைத்தார் வேதா. வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழ வேண்டும், தன் கண்ணைக் கூசக் கூடாது என்றார். வாங்கியிருந்த லைட்டுகளைக் கடையில் கொடுத்து, சாய்த்துத் திருப்பக்கூடிய மாடலை எடுத்து வந்தேன். ஓரிடத்தில் போர்டைத் தாங்கும் இரும்புச் சேனல் குறுக்கே வந்தது. ஓட்டையைத் தள்ளிப் போட வேண்டும்.

“இவ்வளவு தள்ளினாலும் சரியாத்தாம்மா இருக்கும்,” என்றேன்.

“இருக்கும்னு சொல்லாதீங்கோ. பாத்துடலாம்.”

மறுபடியும் ஜன்னலைச் சாத்தி, மறுபடியும் பேப்பர் படிக்க வைத்து, தெரிகிறது என்று உறுதியான பிறகே வெட்ட விட்டார். டவுன்லைட் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். ஆனால் அதுவரை சீலிங்கைத்தான் அளந்திருக்கிறேன். இப்போது எந்த வீட்டிலும் பென்சிலை எடுப்பதற்கு முன், யார் எங்கே உட்காருவார்கள், யார் முகத்தை யார் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் எல்லா லைட்டையும் போட்டுக் காட்டினேன். கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, மாமியார் கணவர் பக்கம் சாய்ந்து, மதியம் சாப்பிட்ட ரசத்தைப் பற்றி முணுமுணுத்தார்:

“ஏன்னா, இன்னிக்குச் சாத்தமுதுல உப்பு ஜாஸ்தி இல்லையோ?”

எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த வேதா சொன்னார்: “இன்னிக்கு அதை நீங்கதானேம்மா பண்ணினேள்.”