கயிறு இழுத்து வென்ற அரிசி

ஜப்பான் ராஜாவின் பிறந்தநாளும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் அந்த வருஷம் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வேறு வேறு மாதத்தில் வந்திருந்தால் என் வீட்டுக்காரர் பேரன் பேத்தி பார்த்திருப்பார்.

கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. மலாயாவில் மம்பா ஊரைத் தாண்டியிருந்த ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. வெள்ளைக்காரத் துரை ஜப்பான் சண்டைக்குப் பயந்து ஓடிவிட்டிருந்தார். பால் வெட்டும் வேலை பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். காலையில் மரவள்ளி, ராத்திரியும் மரவள்ளி, நடுவில் பசித்தால் தண்ணீர்.

சிரம்பான் பாடாங் திடலில் நடக்கும் கொண்டாட்டம் எங்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், லீவு நாளில், லோரி வைத்து எங்களை அழைத்துப் போவார்கள். திடலைச் சுற்றிக் கொடி கட்டியிருக்கும். பாண்டு வாத்தியம், சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கும் போட்டி எல்லாம் உண்டு. பசாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சும்மாவே சர்பத் ஊற்றிக் கொடுப்பார். நாக்குச் சிவக்கக் குடித்துவிட்டு, பாடிக்கொண்டே வீடு திரும்புவோம். ஜப்பான்காரனும் அதே திடலில் கொண்டாடப் போகிறான் என்றபோது, கொடிதானே மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கங்காணி வந்து சொன்னார்.

"ஒவ்வொரு தோட்டமும் எட்டுப் பேர அனுப்பணுமாம். நல்ல தாட்டியான ஆளுங்களா பாத்து. கயித்த இழுத்து ஜெயிச்சா ஒரு மூட்ட அரிசி லா! சும்மாவா?"

தாட்டியான ஆள் என்றால் தோட்டத்தில் எல்லாரும் முதலில் திரும்பிப் பார்ப்பது என் வீட்டுக்காரரைத்தான். கயிற்றின் கடைசியில் அவர் காலை ஊன்றிவிட்டால் அசைக்க ஆள் கிடையாது. ஆனால் அவர் கையில் காப்பு இருந்தது. அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கோயிலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதிகம் பேசினார். முந்தின வருஷம் அரிசி இல்லாமல், மரவள்ளியைச் சீவிப் பொங்கல் வைத்திருந்தோம். அதற்கு அடுத்த மாதம் லயத்தில் காய்ச்சல் புகுந்தது. அண்ணனுடைய கடைக்குட்டிப் பெண் அதில்தான் போனாள். அம்மனுக்குக் கிழங்கு வைத்ததால் வந்த வினை என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன், பொய் சொல்ல மாட்டேன்.

"இந்த வருசமும் கெழங்கு வச்சா மிச்சம் இருக்கற புள்ளைங்களையும் குடுத்துட வேண்டியதுதான்," என்றார் அண்ணன்.

பூசாரி யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"அம்மனுக்கு அரிசி கொண்டாரத்தான போறான், அவ கோச்சுக்க மாட்டா. காப்ப அவுத்து அதே வீட்டு ஆளு கையில கட்டிட்டா போதும். பொஞ்சாதி சட்டி எடுக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எல்லையத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க? இப்ப நீங்களே அவுக்கச் சொன்னா எப்படி?"

"பொம்பள பேசற எடமா இது?" என்றார் கங்காணி.

என் வீட்டுக்காரர் சிரித்தார். கோபக்காரப் பெண்டாட்டி வாய்த்ததில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"சும்மா இரு புள்ள. காலையில போய் சாயங்காலம் வந்துருவேன். இந்தா இருக்கு சிரம்பான்."

பூசாரி அவர் கையிலிருந்து அவிழ்த்து என் கையில் கட்டினார். அன்றிலிருந்து ஒருவேளை பாலும் பழமும்தான் எனக்கு. பால் ஏது அந்தக் காலத்தில்? வாழைப்பழம் மட்டும்.

பிறந்தநாளன்று லோரி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனையும் சேர்த்து எட்டுப் பேரும் வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கங்காணி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லைக் கல் வரைக்கும்தான் போக முடிந்தது.

சாயங்காலம் லோரிச் சத்தம் கேட்டுப் பெண்களெல்லாம் ஓடினோம். பின்னால் ஒரு மூட்டை தெரிந்தது. அரிசி, அரிசி என்று ஒருத்தி கத்த, எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். மூட்டையை இறக்கிய பிறகுதான் லோரியின் பின்னால் வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது.

கங்காணி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஜப்பான்காரன் சயாமுல ரயிலுக்குத் தண்டவாளம் போடறானாம். மூணு மாச வேலதானாம், நல்ல சாப்பாடாம். எட்டுப் பேரையும் அப்படியே திடல்லேருந்து கூட்டிட்டுப் போயிட்டான். நான் என்னா செய்ய முடியும், சொல்லுங்க?"

மாற்றுச் சட்டைகூட இல்லாமல் போயிருந்தார்கள். சிலர் மண்ணில் விழுந்து அழுதார்கள். திருவிழாவை நிறுத்திவிடலாம் என்றும் பேச்சு வந்தது. காப்புக் கட்டியபின் நிறுத்தினால் போனவர்களுக்கு ஆகாது என்றார் பூசாரி. அந்த ஒரு வார்த்தைக்காக நான் தீச்சட்டி எடுத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. வலித்தால் வலிக்கட்டும், அந்த மனுஷன் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று அம்மனிடம் சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

அந்த அரிசியில் பொங்கல் வைத்தார்கள். பழைய அரிசி, சுண்ணாம்பு வாடை அடித்தது. அப்படியும் பானை பொங்கியபோது பிள்ளைகள் குதித்தார்கள். விரதம் இருந்தவள் என்று முதல் பிடியை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். அத்தனை நாள் கிழங்குக்குப் பிறகு அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் போனது. மழைக்காலம் போனது. ஜப்பான்காரனும் தோற்றுப் போய்ச் சேர்ந்தான்.

எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு வந்தார். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கடைசி இழுப்புல எங்களுக்கெல்லாம் கை விட்டுப்போச்சு தங்கச்சி. ஒன் புருசன் ஒருத்தன்தான் கயித்த இடுப்புல சுத்திக்கிட்டு நின்னான். அப்புறம் நாங்களும் புடிச்சு இழுத்து ஜெயிச்சிட்டோம். தோத்த தோட்டத்து ஆளுங்களுக்கு ஆளுக்கொரு ரொட்டியக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க. ஜெயிச்சவங்களத்தான் லோரியில ஏத்துனானுங்க."

கிழங்கு வைத்தால் பிள்ளைகள் போய்விடும் என்று கோயில் வாசலில் அடித்துப் பேசியவர் இவர்தானே. வாய்க்கு வந்தபடி கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அங்க காலரா வந்து படுத்துட்டான். பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டான், அண்ணே, அந்த அரிசி தோட்டத்துக்குப் போய்ச் சேந்திருக்குமான்னு. எனக்கென்னா தெரியும்? போயிருச்சுடா, பொங்கல் வச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். அன்னைலேருந்து எனக்கு இதே நெனப்பு." அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "வந்துச்சா தங்கச்சி?"

எழுந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்துச்சு அண்ணே," என்றேன். "மொதப் பிடி எனக்குத்தான் குடுத்தாங்க."