டொப்பன் என்றொரு கரடி கேக்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கரடி செய்தேன்.

மைதா, முட்டை, வெண்ணெய், கோகோ பவுடர் போட்டுச் செய்த கரடி. காக்கிச் சட்டை மாட்டிய, ஆட்டோ ஓட்டுகிற கரடி. சிரிக்காதீர்கள்... பேக்கரியில் வாங்கிவந்து ‘நானே செய்தேன்’ என்று சொல்கிற ரகம் இல்லை. நிஜமாகவே என் கையால் செய்தது. அந்தப் பெருமையில்தான் இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை?

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது முடிந்தது. திருப்பதியில் எந்த பேக்கரிக்குப் போய் நின்றாலும், டி.வி.யில் வருகிற அத்தனை கார்ட்டூனும் கேக்காகக் கிடைக்கும். ஆனால் அவள் கேட்டது டொப்பனை. இந்த உலகத்தில் டொப்பனைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் நானும்.

டொப்பன் பிறந்தது என் ஸ்கூட்டரில். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்ததால், போன வருஷம் திருவள்ளூரைக் காலி செய்துவிட்டுத் திருப்பதிக்கு வந்தோம். எனக்கு மதிய ஷிஃப்ட். அதனால் காலையில் அவளைப் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. பாதி வழியிலேயே அழ ஆரம்பிப்பாள். அழாமல் இருக்க நான் அவிழ்த்துவிட்ட கதைதான் டொப்பன். திருப்பதியிலிருந்து வடமாலபேட்டைக்கு ஆட்டோ ஓட்டுவான். காசு வாங்க மாட்டான். வாழைப்பழம் கொடுத்தால் போதும்.

ஏன் அழுதாள்? பள்ளியில் எல்லோரும் தெலுங்கு பேசினார்கள். இவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வீட்டில் வாயே மூடாதவள், பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஜூன் போய், தீபாவளி போய், பொங்கலும் போனது. ‘பிரசன்ட் மிஸ்’கூட கிடையாது. கையை மட்டும் தூக்குவாளாம்.

ஒருநாள் டீச்சர் என்னை நிறுத்தினார். “சார், பாப்ப அசலு மாட்லாடது... வீட்லயாவது பேசுவாளா?”

பாப்பா பேசுவதே இல்லையாம். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சம்பளத்துக்காக என் குழந்தையை ஊமையாக்கிவிட்டேனோ?

என் மனைவி சுகந்திதான் அதட்டினாள். “கொயந்த பேசும். நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு அவ எதுர நிக்காதீங்க.”

பிறந்தநாளுக்கு யாழினியின் வகுப்பிலிருந்து எட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டதும் சுகந்தியின் யோசனைதான். கேக் சுடுவது அவள் டிபார்ட்மென்ட். அதைக் கரடியாக்குவது என்னுடையது.

தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரு பாகத்தின் அளவு தலைமுடி அளவுக்குப் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிறவன் நான். ஒரு கரடியைச் செய்ய முடியாதா என்ன?

யாழினி வரைந்து கொடுத்த படத்தை பட்டர் பேப்பரில் பெரிதாக வரைந்தேன். அதைக் கேக் மேல் வைத்து, ஓரம் பிசகாமல் வெட்டினேன். சதுர கேக் உடம்பு, வட்ட கேக் தலை. இரண்டு வட்ட பிஸ்கட் காதுகள். இதுவரை எல்லாம் சுபம்.

சட்டையில்தான் சிக்கல். காக்கி நிறத்தில் க்ரீம் கலந்து பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளோடு கோகோ சேர்த்தேன், மண் நிறம். ஒரு சொட்டு பச்சை விட்டேன்...

சுகந்தி எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க இது? காக்கி கேட்டா கொளத்துப் பாசி மாரி கீது?”

கடைசியில் காபி டிகாக்‌ஷன் கைகொடுத்தது. மூன்று ஸ்பூன் விட்டதும் அசல் காக்கி! அந்த நிமிடம் எனக்கு ஒரு விருது கொடுத்திருந்தால் தயங்காமல் வாங்கியிருப்பேன்.

யாழினி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. “நைனா, சட்டைல பாக்கெட்டு கீதுல்ல? அதுல வாயப்பயம் வெய்யி.” வைத்தேன். “கண்ணு இன்னும் பெருசு.” ஆக்கினேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டொப்பன் தயார். அசல் டொப்பன்! பதினோரு போட்டோ எடுத்தேன். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, பூவைப்போல உள்ளே வைத்தேன்.

இரண்டு மணிக்குக் கரன்ட் போனது. எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததாகச் சொன்னார்கள். ஐந்து மணிவரை வரவில்லை. எட்டுக் குழந்தைகளும் வந்துவிட்டார்கள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இடது காது கன்னத்துக்கு இறங்கியிருந்தது. கேக் தட்டைத் தூக்கியதும் அந்தக் காது வழுக்கித் தரையில் விழுந்தது. சட்டை உருகி வயிற்றில் வழிந்திருந்தது. மூக்கு வாய்க்குப் போயிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் என்றால் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்க மாட்டேன். நேரே குப்பைத்தொட்டிதான்.

வேறு வழியில்லை. மேஜையில் வைத்தேன். குழந்தைகள் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள்.

“பில்லி!” என்றான் ஒரு பையன். தெலுங்கில் பூனை.

“குக்க!” என்றது ஒரு பெண். நாய்.

எல்லோரும் சிரித்தார்கள். யாழினியின் முகம் சிவந்தது. உதடு துடித்தது. போச்சு, அழப்போகிறாள்... அதுவும் பிறந்தநாளில், என்னால்.

அவள் அழவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். “பில்லி காது!”

நான் பதறிப்போனேன். “ஆமாடா கண்ணு, காது கயண்டுகிச்சு. இரு, நைனா இப்பவே வேற காது ஒட்டறேன்” என்று பிஸ்கட் பாக்கெட்டைத் தேடினேன்.

கீழ் வீட்டு லாவண்யா பக்கத்தில் நின்றிருந்தார். யாழினியின் வகுப்பில் படிக்கும் மேக்னாவின் அம்மா. பிறந்த ஊர் நகரி என்பதால் தமிழும் தெலுங்கும் ஒன்றாக வரும். “அண்ணா, அந்தக் காது இல்லண்ணா! தெலுங்குக் காது! ‘பூனை இல்லை’ன்னு சொல்லுது. பாப்பா தெலுங்கு பேசுதுண்ணா!”

தெலுங்கில் ‘காது’ என்றால் ‘இல்லை’. மாதக்கணக்கில் ஊரெல்லாம் கேட்ட வார்த்தைதான். ஆனால் என் மகள் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லையே!

அதற்குள் யாழினி பேச்சில் எங்கேயோ போய்விட்டாள். “குக்க காது! எலுகுபண்ட்டி! பேரு டொப்பன். ஆட்டோ நடுபுதாடு. டப்புலு வத்து, அரடிபண்டு சாலு!”

நாய் இல்லை, கரடி. பெயர் டொப்பன். ஆட்டோ ஓட்டுவான். காசு வேண்டாம், வாழைப்பழம் போதும். நான் தமிழில் சொன்ன கதை. தெலுங்காக்கியது யார்? அவளேதான்!

பூனை என்று சொன்ன பையன் விடவில்லை. “மரி செவி ஏதி?” அப்படியானால் காது எங்கே என்று கேட்டான்.

யாழினி ஒரு விநாடி யோசித்தாள். இதற்கு என் கதையில் பதில் கிடையாது.

“வடமாலபேட்ட தக்கர காலி வச்சிந்தி,” என்றாள். “எகிரிபோயிந்தி!”

வடமாலபேட்டை பக்கத்தில் காற்று அடித்ததாம். காது பறந்துபோய்விட்டதாம்!

எட்டுக் குழந்தைகளும் வாய் பிளந்து நின்றார்கள். மேக்னா ஓடிவந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, யாழினிகி மாட்டலு வச்சாயி!” யாழினிக்குப் பேச்சு வந்துவிட்டதாம்.

சுகந்தி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “கத்தியக் குடுங்க. கொயந்தைங்க துன்னட்டும்.”

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்கு மொழி தெரியவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ இத்தனை மாதமும் ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்! ‘பிரசன்ட் மிஸ்’ சொல்வதற்காக அதைச் செலவழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. தன் கரடியைப் பூனை என்று ஒருத்தன் சொன்னபோது, பேசியே ஆக வேண்டியிருந்தது.

நினைத்துப் பாருங்கள். என் கேக் சரியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பார்த்ததும் கரடி என்று தெரிந்திருக்கும். கைதட்டி, தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். என் மகள் பழையபடி கையை மட்டும் தூக்கிக்கொண்டு இருந்திருப்பாள். அதனால்தான் சொல்கிறேன், அந்த உருகிப்போன கரடியைப் பற்றி எனக்குத் துளியும் வெட்கமில்லை. என் பெருமையெல்லாம் அதுதான்.

கேக் தீர்ந்ததும் குழந்தைகள் கீழே விளையாட ஓடினார்கள். நானும் சுகந்தியும் பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது குழந்தைகள், ஒரே தெலுங்குக் கூச்சல்.

அதில் எங்கள் பெண்ணின் குரல் எது? கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை!