அக்கா வீட்டைப் பார்த்த சூரியகாந்தி

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். நல்லதை மட்டும் எழுத ஆள் வேண்டுமென்றால் போதகரைக் கேளுங்கள், எனக்கு அக்காமேல் இருந்த பொறாமை ஊருக்கே தெரியும் என்றேன். தெரிந்ததுதானே, எழுது என்றார். ஆகவே எழுதுகிறேன். கையில் வாங்கி வாசிக்கிற சொந்தக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அம்மா மிஷன் பங்களாவில் வெள்ளைக்கார மிஸியம்மாவிடம் லேஸ் பின்னும் வேலைக்குப் போவார். அக்கா தலைப்பிள்ளை, நான் அடுத்தவள், அண்ணன் தம்பி கிடையாது. அக்காவுக்கு அருமையான குரல், ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்தான். எனக்குக் குரல் இல்லை, வாய் உண்டு. அப்பா காலராவில் போன பிறகு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு லேஸ் பின்ன உட்கார்ந்தார். அதனால்தான் நான் படித்தேனாம். வாழ்நாள் முழுக்க இதை எனக்குச் சொல்லிக் காட்டாத ஆள் இல்லை, அக்காவைத் தவிர. நானா நிறுத்தச் சொன்னேன்?

பிறகு அக்காவை இராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தானுக்கு நூல் மில்லில் வேலை. அத்தானுடைய தம்பிக்கே என்னையும் கொடுத்தார்கள். ஒரே வளவில் இரண்டு வீடு. கிழக்கே அக்கா வீடு, மேற்கே என் வீடு, நடுவில் ஒரு முற்றம். என் தலைவாசல் முற்றத்தைப் பார்த்திருக்கும். அக்கா வீட்டுப் புறவாசலும் அதே முற்றத்தைப் பார்த்திருக்கும். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தபோது நேரே அக்கா வீட்டுக்குள் போனார். பெட்டியை அங்கேதான் வைத்தார். எனக்குப் பிள்ளையில்லை. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நம் வீட்டில் வந்து இரு அம்மா என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். உன் அக்கா பிள்ளைகளை யார் பார்க்கிறது என்பார் அம்மா. அதற்குமேல் பேச்சு கிடையாது.

அம்மாவை வரவழைக்கத்தான் சூரியகாந்தி போட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அந்தப் பூவை யாரும் பார்த்ததுகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பங்களாவில் மட்டும் ஒரு வரிசை நின்றது. லேஸ் வேலை முடிந்து வரும்போது அம்மா அதன் முன்னால் நின்றுவிடுவார், கூப்பிட்டால்தான் நகர்வார். இது அமெரிக்காவின் பூ, அங்குள்ள பூர்வகுடிகள் விதையை இடித்து மாவாக்கித் தின்பார்கள், ருஷ்யாவில் எண்ணெய் ஆட்டுவார்கள் என்று மிஸியம்மா சொல்வாராம். அம்மாவுக்கு எண்ணெயும் வேண்டாம், மாவும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எங்கள் போதகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துப் பிரசங்கம் செய்தார். சூரியகாந்தி காலையில் கிழக்கே பார்க்கும், சாயங்காலம் மேற்கே பார்க்கும், ஆத்துமாவும் அப்படியே ஆண்டவர் போகும் பக்கமெல்லாம் திரும்ப வேண்டும் என்றார். சாயங்காலம் மேற்கே பார்க்கும் என்றால் என் வாசலைப் பார்க்கும். பிரசங்கத்தில் எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

பங்களாவில் விதை கேட்டு வாங்கி வந்து, கார்த்திகை மழை விட்டதும் முற்றத்தைக் கொத்தி, குப்பையும் சாம்பலும் போட்டு, விரல்கணு ஆழத்தில் ஊன்றினேன். ஆள் உயரம் வளர்ந்தது. மொட்டு வைத்தபோது போதகர் சொன்னது அப்படியே நடந்தது. காலையில் அக்கா வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும், பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும்போது என் பக்கம் திரும்பியிருக்கும். அம்மா சாயங்காலம் தவறாமல் என் வாசலுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். பூ விரியட்டும், வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்தேன்.

பூ விரிந்தது. கிழக்கே பார்த்து விரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. காலையிலும் கிழக்கு, சாயங்காலமும் கிழக்கு. தண்ணீர் ஊற்றினவள் நான், கிளியை விரட்டினவள் நான், எனக்குத் தெரிந்தது பச்சை முதுகு மட்டும். அத்தனை முகமும் அக்கா வீட்டுப் புறவாசலைப் பார்த்தன. அம்மா அங்கேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்து, விரிந்த பிறகு அது திரும்பாது போலிருக்கிறது, அடுத்த தடவை உன் வீட்டுக்கு மேற்கே போடு, உன் புறவாசலைப் பார்த்து நிற்கும் என்றார். அம்மா கண்ணில் படாத இடத்தில் போடச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மறு வருஷமும் முற்றத்திலேயே போட்டேன்.

அந்தத் தடவை பூ விரிந்ததும் வாழைநாரைக் கட்டி ஒவ்வொன்றாக என் பக்கம் இழுத்துத் திருப்பினேன். மூன்றாவது பூ கழுத்தோடு முறிந்தது. அம்மா மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, பூவ ஏன் இம்சை பண்ணுத?"

"நீ அங்கனயே உக்காந்திருக்க. அதான்."

அம்மா முறிந்த பூவைப் பார்த்தார். பிறகு, "நீ தனியா இருந்துக்கிடுவ. அவளால முடியாதுட்டி" என்றார்.

"என்னால முடியும்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த காலம். அக்கா தன் வீட்டு உலையில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அரிசி போட்டார். யாரிடமும் கோபப்பட்டதே இல்லை என்று இன்றைக்கும் அக்காவைப் புகழ்கிறார்கள். மெய்தான். கேட்காமலே எல்லாம் வந்து சேர்ந்த மனுஷிக்குக் கோபம் எதற்கு வருகிறது? ஆனால் உடம்புதான் ஒத்துவரவில்லை. முதலில் இருமல், பிறகு விடாத காய்ச்சல், பிறகு எலும்பும் தோலும். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் நான் விதையை என் வீட்டுக்கு மேற்கே போட்டிருந்தேன். அக்கா சொன்னபடியே அத்தனை பூவும் என் புறவாசலைப் பார்த்து விரிந்தன. வந்து பார்க்க ஆள் இல்லை. அம்மாவும் நானும் அக்கா கட்டிலண்டை இருந்தோம்.

கடைசிக்கு முந்தின நாள் அக்கா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, "பிள்ளைக வளந்துட்டு. இனிமே நீ தங்கச்சி வீட்டுல இரும்மா" என்றார். அம்மா சரி என்று தலையை ஆட்டினார். என் பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்து, அம்மா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். இப்போது புறவாசலில்தான் மணை. இந்த வருஷப் பூவையும் பார்த்துவிட்டார். நான் கூப்பிட்டபோதெல்லாம் வராமல் இப்போது மட்டும் எப்படி வந்தாய் என்று ஒரு நாள் கேட்டேன். "அவ சொல்லிட்டாள்ல" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிய பக்கத்து வீட்டு ராவுத்தர் அண்ணனுக்கும், இரவு பகலாய் வந்து ஜெபித்த சபையாருக்கும், குழி மேட்டில் உடன் நின்ற மில் தொழிலாளருக்கும், அத்தானோடு சேர்ந்து நான் நன்றி சொல்லுகிறேன். அக்காவுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் கேட்டுக் கிடைக்காத அம்மாவை, ஒரு வார்த்தையில் அவர்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கொடுத்துத்தான் எனக்குக் கிடைத்தது என்பதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.