ஜோதியம்மாள் விட்ட பௌர்ணமி

"எத்தனை நாடு சார் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்மா," என்றார் பலராமன்.

"அதுல எத்தனை ஊரு?"

"ஒண்ணு."

"எத்தனை நாளைக்கு?"

"பதினஞ்சு நாளு. ஜாஸ்தியானாலும் பரவால்ல, கம்மியாவக் கூடாது."

கணினித் திரையைப் பார்த்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் ஐந்து நாளில் மூன்று நாடு, ஏழு நாளில் நாலு நாடு என்ற வகைப் பயணங்கள்தான். காலை ஆறு மணிக்கு எழுப்பிவிட்டு, கொடி பிடித்த ஒருவர் பின்னால் ஓட வேண்டும்.

"பதினஞ்சு நாளும் ஒரே ஊர்ல என்ன சார் பண்ணுவீங்க?"

"ஒக்காந்திருப்போம்."

பின் மேசையில் இருந்த கடை முதலாளி வல்லரசு சிரித்துவிட்டார். "ஒக்கார்றதுக்கு எதுக்கு சார் ஃப்ளைட்டு? நம்ம ஊருக்கே அதுக்குன்னு வெளிநாட்லருந்து வராங்க."

"சிரி தம்பி. முப்பத்தோரு வருஷம் பஸ்சு ஓட்டுனேன். நேரா ரோட்ட பாத்தேனே தவிர, ரெண்டு பக்கமும் இன்னா இருந்துச்சுன்னு தெரியாது."

"புளியமரம் இருந்துச்சு," என்றார் அருகில் இருந்த அவர் மனைவி. மடியில் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் ஒரு துணிப்பையில் சுற்றி வைத்திருந்தார். "நான் சொன்னா நம்ப மாட்டாரு."

"சரிங்கம்மா, எந்த ஊரு?"

"பினாங்கு," என்றார் அந்த அம்மாள். யோசிக்கவே இல்லை. பிறகு சற்றுத் தயங்கி, "எந்த தேதின்னாலும் போடு. பௌர்ணமிக்கு மட்டும் நான் ஊர்ல இருக்கணும்," என்றார்.

ஜோதியம்மாளை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். திருவண்ணாமலை வேங்கிக்கால் சாலையில் இருந்த அந்த டிராவல்ஸ் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நான் அங்கே ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். பத்தாவது வரை தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தவள் என்பதால் விண்ணப்பங்களை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. அதிகம் பேசாதவள் என்பதால் வந்தவர்கள் என்னிடம் அதிகம் பேசினார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் அவர்கள் ஆறு முறையாவது வந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிபந்தனை கூடும். அறை மாடியில் என்றால் லிஃப்ட் வேண்டும். கட்டில் உயரமாக இருக்கக் கூடாது. சன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் ஒரு தெருவாவது தெரிய வேண்டும், இன்னொரு கட்டடத்தின் சுவர் தெரியக் கூடாது. நடக்கும் தூரத்தில் இட்லி கிடைக்க வேண்டும். பலராமனுக்கு மத்தியானம் தூங்க வேண்டும், அந்த நேரத்தில் அறையைக் கூட்டுகிறேன் என்று யாரும் கதவைத் தட்டக் கூடாது. இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் எழுதி விடுதிக்கு அனுப்பினேன். கதவைத் தட்ட மாட்டோம் என்று அவர்கள் பதில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டியபோது பலராமன் மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியுது," என்றார்.

"போய் இருந்துடுங்க அங்கயே," என்றார் ஜோதியம்மாள்.

ஏன் பினாங்கு என்று ஒரு நாள் கேட்டேன். பலராமன் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்.

ஜோதியம்மாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள். இருபத்தோரு வயதில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் ஒயர்களைச் செருகி, ஊரையும் ஊரையும் இணைக்கும் வேலை. வெளிநாட்டு அழைப்பு என்றால் மெட்ராஸ் வழியாக வர வேண்டும். சில நாள் காலையில் பதிந்தால் மாலையில்தான் கிடைக்கும்.

பொங்கலுக்குப் பொங்கல் பினாங்கிலிருந்து ஒருவர் கூப்பிடுவாராம். அங்கே ஏதோ கடையில் வேலை. அவர் தாய் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எக்ஸ்சேஞ்சில் விடியற்காலையிலிருந்து காத்திருப்பார். லைன் கிடைத்ததும் அந்தத் தாய்க்குப் பேச்சே வராது. மகன், "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்ல வேண்டியது ஜோதியம்மாளின் வேலை.

"கொஞ்சம் லேட்டாதான் சொல்லுவேன்," என்றார். "பேசறத கேக்கக் கூடாதுன்னு ரூல்சு. ஆனா லைன் நிக்குதா அறுந்துடுச்சான்னு பாக்கணுமே, அப்ப காதுல விழும். அந்தப் பையன் பேசாத நேரத்துல பின்னாடி மழை பேயற சத்தம் கேக்கும்மா. தகரத்து மேல பேயற மாதிரி. இங்க நம்ம ஊர்ல தை மாசத்து வெயிலு. அங்க மழை. யாரோ சைக்கிள் பெல் அடிச்சிக்கினு போவாங்க. அவ்ளோதான். அந்த தெருவுல போய் ஒக்காரணும்னு அப்பலேர்ந்து ஒரு இது."

ஒரு இது என்று சொல்லிக் கையை லேசாக அசைத்தார். எந்தச் சொல்லும் கிடைக்காதபோது அவர் செய்வது அது.

பௌர்ணமி விஷயத்தைச் சொன்னவர் பலராமன். அதைச் சொல்வதில் அவருக்கு இருந்த பெருமை வேறு எதிலும் இல்லை. இருபத்தோரு வருடங்களுக்கு முன் செங்கம் சாலையில் அவர் ஓட்டிய பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பயணிகளுக்கு ஒன்றுமில்லை, அவருக்குக் கை முறிந்தது. கை பழையபடி ஆனால் பதினோரு பௌர்ணமி மலையைச் சுற்றி வருவதாக ஜோதியம்மாள் வேண்டிக்கொண்டார். கை ஆயிற்று. பதினோரு பௌர்ணமியும் ஆயிற்று. பன்னிரண்டாவது மாதம் பலராமனின் தங்கை வந்து, "அண்ணி, எப்படியும் போவீங்க இல்ல, எங்க பையன் வேலைக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டு வாங்க," என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பையனுக்கு வேலை கிடைத்தது. அதன் பிறகு பொட்டலங்கள் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பழைய எக்ஸ்சேஞ்ச் தோழிகள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயர், நட்சத்திரம், கிரிவலப் பாதையில் எந்த லிங்கத்தின் முன் ஏற்ற வேண்டும் என்பது. குபேர லிங்கத்துக்குத்தான் எப்போதும் கூட்டம்.

கொரோனா சமயத்தில் கிரிவலத்துக்குத் தடை போட்டார்களே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மொட்ட மாடி!" என்றார் பலராமன். "பதினாலு கிலோமீட்டருக்கு மாடிய எத்தனை சுத்து சுத்தணும்னு நான் அளந்து குடுத்தேன். நாற்காலி போட்டு ஒக்காந்து எண்ணுனதும் நான்தான். ஒரு பௌர்ணமி உடலம்மா இவ!"

ஜோதியம்மாள் அப்போது சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காலைப் பார்த்தேன். வலது முட்டியில் பட்டைத் துணி சுற்றியிருந்தது.

மாசிப் பௌர்ணமிக்கு முன் திரும்பிவிடுவதுபோல் நாள் பார்த்தேன். போனில் தேடினேன். மார்ச் பதினாலாம் தேதியில் முழு வெள்ளை வட்டம் இருந்தது. பதினாலாம் தேதி மதியம் சென்னையில் இறங்கினால் மாலைக்குள் வீடு வந்துவிடலாம், குளித்துவிட்டு நடக்கலாம். பதினைந்து நாளும் சரியாக வந்தது. அவர்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு டிக்கெட்டைப் போட்டேன். பலராமன் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வல்லரசு மார்ச் மாத வேன் பதிவுகளைப் பார்த்தவர், "பதிமூணாந்தேதி எந்த வண்டியும் வெளிய அனுப்பாத. கிரிவலம். உள்ளூர்லயே வேணும்," என்றார்.

"பதினாலு இல்ல?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். பௌர்ணமி பதிமூன்றாம் தேதி காலையில் பிறந்து பதினாலாம் தேதி மதியத்தோடு முடிந்துவிடுகிறது. ஊர் நடக்கப்போவது பதிமூன்று இரவில். போன் காட்டியது பௌர்ணமி முடியும் கணத்தை. அந்தக் கணத்தில் ஜோதியம்மாள் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்காக நின்றுகொண்டிருப்பார்.

"திருவண்ணாமலையில பொறந்துட்டு பௌர்ணமி தெரியாத ஒரே ஆளு நீதான்," என்றார் வல்லரசு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் மாற்றினால் கட்டணம் இல்லை, போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார்.

அவர்கள் பினாங்கு போனார்கள். பதினாலாம் தேதி மதியம்தான் திரும்பினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு படம் அனுப்பினார்கள்: ஒரு பெஞ்சு, அதில் இரண்டு பேர், பின்னால் கடல். "டெய்லி இதே பெஞ்சுதான். நாங்க வரலன்னா எதுர் கடைக்காரரு தேடறாரு," என்று பலராமன் குரலில் செய்தி. மாசிப் பௌர்ணமி விட்டுப்போனது என்னால்தான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. பலராமனின் தங்கை கடைக்கே வந்து, "படிச்ச பொண்ணு, காலண்டர் பாக்கத் தெரியலியா?" என்று கேட்டார். பலராமன் மட்டும் திட்டவில்லை. அடுத்த மாதம் ஜோதியம்மாள் நடக்கப் போகவில்லை, அதற்கடுத்த மாதம் போனார். தோன்றினால் போவது, இல்லாவிட்டால் விடுவது என்று ஆயிற்று. பொட்டலங்கள் குறைந்துவிட்டன. இப்போது இருவரும் ஓசூரில் மகளோடு இருக்கிறார்கள். போன மாதம் ஜோதியம்மாள் போனில் கூப்பிட்டு, நடந்ததைக் கணவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அரை நாள் பேசாமல் இருந்தாராம், பிறகு சிரித்தாராம். அதனால்தான் எழுதுகிறேன்.

வல்லரசு அனுப்பிய அன்று காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பலராமன் பயணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டைகளை வாங்கப் போயிருந்தார். ஜோதியம்மாள் மகள் வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதிமூன்று, பதினாலு, என் தவறு.

"மாத்த முடியுமா?"

"முடியும்மா. சாயந்திரத்துக்குள்ள மாத்திடலாம். ஒரு நாள் முன்னாடி கிளம்பினா போதும். பதிமூணாந்தேதி ராத்திரி நடந்துடலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை.

"நடந்துடலாம்," என்றார். "அங்க போயும் கடைசி நாலு நாளு இதயேதான் நெனச்சிக்கினு இருப்பேன். யாரு பொட்டலம் எதுல ஏத்தணும்னு. இந்த கற்பூரத்துல என் பேரு எழுதி ஒண்ணு கூட இல்லம்மா."

கழற்றிய ஷூவைக் காலருகே நேராக வைத்தார்.

"நானா உடணும்னா மனசு வரல. இவரு வேற ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. நானா உட்டேன்னு தெரிஞ்சா இவருக்கு மொகம் வாடிப்பூடும்." வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "ஏம்மா கீதா, நீ மாத்தாத. இவரு கேட்டா, தேதி தப்பா போட்டுட்டேன், இனிமே மாத்த முடியாதுன்னு சொல்லிடு. உனக்குத்தான் கெட்ட பேரு வரும். எனக்காக வாங்கிக்கிறியா?"