ஆறடி மெத்தைக்கு நாலடிக் கடை

ஊரையே தூங்கவைக்கும் மெத்தை வியாபாரிக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை. அதுவும் எங்கள் சித்தூர் பஜாரில் சாலையை அகலப்படுத்திய பிறகு சுத்தமாக இல்லை. திருப்பதி மாதிரி நம் ஊரும் பளபளக்க வேண்டுமாம். நல்லதுதான். ஆனால் என் கடையின் முன்பக்கம் சாலைக்குப் போய், மிச்சம் இருப்பது நாலடி ஆழம். புது காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடிக்குப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். தெருவை விட்டால் பிழைப்பே போய்விடும் என்று நானும் ஒற்றைக்காலில் நிற்கிறேன். கடை முகப்பைப் பறிகொடுத்த சக வியாபாரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

முதல் போணி

இடிக்கும் இயந்திரம் வந்து நின்றது ராகுகாலத்தில். எங்கள் தெருவில் ராகுகாலத்தில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். பக்கத்துப் பாத்திரக்கடை முனிரத்தினம் அண்ணன் குறுக்கே போய் நின்றார். தெருவைக் காப்பாற்றப் போகிறார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவரோ, “கொஞ்சம் பொறுப்பா, நல்ல நேரம் வந்துடட்டும்” என்றார்.

நல்ல நேரம் வந்ததும் இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார், பூசணிக்காய் உடைத்தார். சொந்தக் கடையை இடிக்க வந்த வண்டியை எல்லோரும் கும்பிட்டோம். சர்ச்சுக்குப் போகிற நானும் ஓரமாக நின்று ஒரு ஜெபம் பண்ணினேன். டிரைவர் நெகிழ்ந்துபோனார். அண்ணன் படைத்த பொங்கலைச் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இவ்ளோ மரியாத எங்கயும் கெடைக்கலண்ணா, உங்க கடையிலயே போணி பண்றேன்.”

மாலை மரியாதை

மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்கத் தமிழ்நாட்டு எல்லைக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். படுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டாராம். படுத்தார். தலை கடைக்குள், கால் சாலையில். அவருடைய ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவரோ கண்ணை மூடி, கையை மார்பில் வைத்து, அசையாமல் கிடந்தார்.

சாலையோடு போன ஒரு பெரியவர் நின்றார். செருப்பைக் கழற்றினார். எதிரே பூக்காரியிடம் ஒரு மாலை வாங்கிவந்து காலடியில் சாத்தி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். படுத்திருந்தவர் எழுந்து மாலையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்: “வாங்கறதுக்கு முன்னாலயே மாலை போடற கடைய இப்பத்தாம்மா பாக்கறேன், இதையே கட்டுங்க!”

ஒரே நிறம்

அடுத்து வந்தது அழகுபடுத்தும் உத்தரவு. எல்லாக் கடைக்கும் ஒரே நிறத்தில் போர்டு, ஒரே மாதிரி எழுத்து, படம் கூடாது. எங்கள் கடையை ஜனம் கண்டுபிடித்ததே போர்டில் தூங்கிக்கொண்டிருந்த குண்டு மனிதரை வைத்துத்தான். அவரைக் கழற்றிய மறுநாளே ஒரு அம்மாள் என்னிடம் மருந்துச்சீட்டை நீட்டினார். இன்னொருத்தி, ஜாக்கெட் தைத்தாகிவிட்டதா என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

அதெல்லாம் பரவாயில்லை. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் மறுபக்கத்துப் பைப்புக் கடைக்குள் ஆளில்லாத நேரத்தில் நுழைந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே எனக்குப் போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை: “ஏம்மே, நான் துன்னுட்டு வர்றதுக்குள்ள அத்தனை மெத்தையும் வித்துட்டியா?”

மூன்றாவது மாடி

இந்தக் கூத்துக்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அட்வான்ஸ் கொடுத்தே தீருவேன் என்று என்னையும் காம்ப்ளெக்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். மஞ்சள் வாங்க வருகிறவர்கள் கண்ணில் பட்டு வாங்குவதுதான் எங்கள் மெத்தை. மெத்தை வாங்கவென்று யார் மூன்று மாடி ஏறப்போகிறார்கள்?

முனிரத்தினம் அண்ணன் ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு இன்னொரு டீ. எழுந்தால் விடவில்லை. அவ்வளவு நேரமும் அந்த மாடிக்கு ஒரு ஈ காக்காய் வரவில்லை. என் வீட்டுக்காரர் அட்வான்ஸ் பணத்தைச் சட்டைப்பைக்குள் திரும்பத் திணித்துக்கொண்டார். படிவரை வழியனுப்ப வந்த அண்ணன் மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி, இங்க வெயிலு இல்ல, தூசி இல்ல, ஆரன் இல்ல, ஆளும் இல்ல. உன் நாலடியில எனக்கு ஒரு அடி குடும்மா, டம்ளர் மட்டுமாவது வெச்சிக்கினு உக்காந்துக்கறேன்.”

“வாங்கண்ணா” என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். இப்போது மூன்றடியில் மெத்தையும் ஓரடியில் டம்ளரும் விற்கிறோம், சாலையை அகலமாக்கிய புண்ணியவான்களால் நாங்கள் நெருக்கியடித்து உட்காரப் பழகிக்கொண்டோம்.