இரண்டு அலுவலகங்கள், ஒரு சம்பளம்

அந்த வருடங்களில் எனக்கு அட்டவணை என்றால் பைத்தியம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஹம்பேர்க், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகள். சமூகப் பாடப்புத்தகத்தில் இந்த நாட்டு மக்களை ஒரு வெங்காயமாக வரைந்திருந்தார்கள். மேலே ஒல்லி முனையில் பணக்காரர், உப்பிய வயிற்றில் நடுத்தரம், அடியில் வேர்ப்பக்கம் வறியவர். நாங்கள் எங்கே என்று பென்சிலால் புள்ளி வைத்து அத்தானிடம் காட்டினேன். உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"வெங்காயம் உரிக்கிற ஆக்களை எங்க வரைஞ்சிருக்கு, மச்சான்?"

அத்தான் என் அக்காவின் கணவர். அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அக்காவும், அத்தான் இன்னும் ஒருமுறைகூடத் தூக்காத மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில், அங்கே தங்கும் வடக்குத் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட வெளிநாட்டவர் அலுவலகம் இரண்டு விஷயம் கேட்டது: நால்வருக்குப் போதுமான வீடு, நால்வரும் அரசு உதவியில்லாமல் சாப்பிடப் போதுமான சம்பளம். சம்பளம் காணாது என்றார்கள். அத்தான் விடியற்காலையில், ஆட்கள் வேலைக்கு வருமுன், கந்தோர்கள் துப்புரவாக்கும் இரண்டாவது வேலையையும் எடுத்தார். சம்பளம் சரி என்றார்கள். இனி வீடு.

வெளியே வாடகை எட்டவில்லை. எட்டிய ஒன்றிரண்டிலும் எங்கள் பெயரைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். மிஞ்சியது அரசு மானிய வீடு. அதற்கு நகராட்சியின் வீட்டு அலுவலகம் ஒரு சான்றிதழ் தரவேண்டும். வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் தரும். அந்த விண்ணப்பத்தை, அன்ட்ராக்கை, நான்தான் நிரப்பினேன். சந்தோஷமாக நிரப்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வேலைகளின் சம்பளத் துண்டுகளையும் மாதவாரியாக அடுக்கி இணைத்தேன்.

"ஒண்டும் விடேல்லையே?"

"ஒண்டும் விடேல்லை, அத்தான்."

வீட்டு அலுவலகப் பெண் நல்லவர். எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். தாள்களை இரண்டு தரம் பார்த்துவிட்டு, இவருடைய வருமானம் கூடிப்போய்விட்டது என்றார். மொழிபெயர்த்தேன். அத்தான் சிரித்துவிட்டார்.

"ஆளை மாறிப் பாக்கிறாவோ எண்டு கேள்."

ஆள் மாறவில்லை. வீட்டு அலுவலகம் இங்கே இருக்கும் எங்கள் இருவரைத்தான் எண்ணியது. வெளிநாட்டவர் அலுவலகம் எண்ணியதோ அவர்களும் வந்தபின் இருக்கப்போகிற நால்வரின் வயிற்றை. ஒரு சம்பளம், ஒரு மேசையில் மட்டுமட்டாகப் பிழைப்பவர், அடுத்த மேசையில் வசதியானவர். துப்புரவு வேலையை விட்டால் வீடு கிடைக்கும், அக்காவுக்கு விசா கிடைக்காது. வைத்திருந்தால் விசாவுக்குச் சம்பளம் உண்டு, வீடு இல்லை.

அந்தப் பெண்ணே ஒரு வழியும் சொன்னார். மனைவிக்கு அனுப்பும் பணத்தை வருமானத்தில் கழிக்கலாம், ஒரு வருடத்துக்கான பற்றுச்சீட்டுகள் இருந்தால். நான் கதிரையில் நிமிர்ந்தேன். மாதம் தவறாமல் அனுப்புகிறவர் அல்லவா!

"அனுப்பின துண்டுகள் எங்க அத்தான்?"

 அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் யாரும் வங்கியால் அனுப்புவதில்லை. பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் ஜேர்மன் மார்க்கைக் கொடுத்தால், கடைக்காரர் கொழும்புக்கு ஒரு தொலைபேசி எடுப்பார். பின்னேரம் லொட்ஜ் வாசலில் ரூபாய் நிற்கும். அதுதான் உண்டியல். எங்களுக்கு ஒரு இலக்கம் எழுதிய துண்டு தருவார். அக்கா 'கிடைச்சது' என்று சொன்னதும் அதைக் கிழித்துவிட வேண்டும். ஒரு துண்டைக்கூட அத்தான் கிழிக்காமல் விட்டதில்லை. அந்தத் தொழிலில் அதுதான் நாணயம்.

கடைக்குப் போனோம்.

"அண்ணை, ஒரு கடிதம் மட்டும். நான் அனுப்பினனான் எண்டு."

"கடிதமோ? நான் இஞ்ச விக்கிறது மிளகாய்த்தூளும் கத்தரிக்காயும், தம்பி. உனக்கு எழுதித் தந்தால் நாளைக்கு வரிக்காரன் வந்து என்ர கல்லாப்பெட்டியில குந்துவான்."

பிலாக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "உழைப்புக் கூடிப்போச்சு எண்டு ஜேர்மன்காரனே எழுதிக் குடுத்திருக்கிறான். கேக் வெட்டுங்கோ ஐசே!"

அத்தானும் சிரித்தார். வெளியே வந்து ரயில் நிலையப் படியில் நின்றபோது, "இனி பாங்கால அனுப்புவம்" என்றார். ஒரு வருடத் துண்டுகள் சேர ஒரு வருடம் வேண்டும். அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அக்கா என்ன கேட்டாளோ, அத்தான் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "வீடு எடுத்தாச்சு. பெயின்ற் அடிக்கினம். கொஞ்ச நாள்தான்." பிறகு அக்கா என்னைக் கேட்டாள். ரிசீவர் என் கைக்கு வந்தது.

"தம்பி, மெய்யோ? நீ எனக்குப் பொய் சொல்லமாட்டாய்."

"ஓம் அக்கா. மஞ்சள் பெயின்ற். பிள்ளைக்குத் தனி அறை."

அவள் மூச்சுவிட்டது கேட்டது.

"லொட்ஜ்காரன் வாடகையைக் கூட்டித் தா, இல்லாட்டி எழும்பு எண்டுறான். மாமி வவுனியாவுக்கு வா, தன்னோட இரு எண்டு கடிதம் போட்டவ. கொஞ்ச நாள்தானே எண்டால் நான் ஏன் போகவேணும்? கையில கிடக்கிற காப்பை வித்தெண்டாலும் இஞ்சயே நிப்பம். மாமிக்கு வரேல்லை எண்டு எழுதிவிடட்டே?"

அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிவிடுங்கோ, அக்கா" என்றேன்.