தையலக்காவின் மனு

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே தையலக்கா கைபேசியை எடுத்து அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துவிடுகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஒன்பது குடும்பங்கள் இந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பில் பாய் விரித்து ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்குக் கரும்பலகைக்குக் கீழே இடம்.

படத்தில் இருப்பது அவள் வீடு. நிவாரண லாரி ஓட்டுநர் அந்த வழியே போனபோது எடுத்து வந்தது. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது. வாசலில் யார் பெற்றதோ ஒரு சின்னப் பெண்ணும் நிற்கிறது. அது போட்டிருக்கும் கவுன், தையலக்கா வீட்டு ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரைச்சீலை.

"இதோட ஆத்தாக்காரி துணியோட ஓட்டம் பாக்காம குறுக்க வெட்டியிருக்கா. கழுத்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது பாரு!" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வாள். தினம் ஒரு குற்றம் புதிதாகக் கிடைக்கும். நேற்று கை, இன்று கழுத்து.

அவளுக்கு ஒரு பொறாமை போதவில்லை. பக்கத்துப் பாய்க்காரியின் வீடு குண்டு விழுந்து தரைமட்டம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். அவளும் அழுது தீர்த்தாள். இப்போது படுத்ததும் குறட்டை. தையலக்காவிடம் மட்டும், "உனக்கென்ன, வீடு நிக்குதே" என்கிறார்கள்.

"அவளுக்கு அழுது முடிஞ்சிருச்சு. எனக்கு எரிஞ்சு முடியல," என்று வீட்டுக்காரரிடம் புலம்புவாள். வீடில்லாதவளைப் பார்த்து வயிறெரிகிற ஒரே ஆள் நீதான் என்று அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வீட்டில் வேறு யாரேனும் குடியேறியிருந்தால் எழுதிக் கொடுங்கள், காலி செய்து தருகிறோம் என்று முகாம் அலுவலகம் குடும்பத்துக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தது. தையலக்கா அன்றே எழுதிவிட்டாள். 'உடனே வெளியேற்றவும்' என்பதன் கீழே இரண்டு கோடு. மனு கொடுக்கக் கடைசி நாளன்று அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோதுதான் லாரி வந்து நின்றது.

"அக்கா, உங்க வீட்டுல இருக்கற அந்தம்மாகிட்ட பேசினேன்," என்றான் ஓட்டுநர். "ஆத்துக்கு அந்தப் பக்கம் அவங்க ஊர். அங்கயும் சண்டை. மூணு பிள்ளைங்களோட நடந்தே வந்திருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்னவாம்? பீரோ சாவி வேணுமாமா?"

"இல்லக்கா. தையல் மெஷின் இறுகிப்போச்சாம். எண்ணெய் எங்கெங்க விடணும்னு கேட்டாங்க."

தையலக்காவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. பத்தொன்பது வருடம் வேறு கால் மிதிக்காத மெஷின் அது.

"இறுகட்டும்! நல்லா இறுகட்டும்!"

ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பினான். அவள் நாலடி நடந்திருப்பாள்.

"தம்பி, நில்லு! பாவி, சமையல் எண்ணெயை ஊத்தித் தொலைச்சிருவா. மெஷின் பிசினாயிடும்."

லாரியின் பானெட்மேல் மனுவைக் கவிழ்த்துப்போட்டுப் பின்பக்கத்தில் மெஷினை வரைந்தாள். துளை இருக்கும் இடமெல்லாம் ஒரு புள்ளி. ஊசிக்கு மேலே ஒன்று, சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு, மெஷினைச் சாய்த்தால் அடியில் நான்கு. மெஷின் எண்ணெய் டிராயரில் இருக்கிறது, அதை மட்டும் விடவும் என்று எழுதினாள்.

ஓட்டுநர் தாளைத் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இது ஆபீசுக்குப் போக வேண்டியதாச்சே? முன்பக்கம் எழுதினதை அடிக்கக்கூட இல்லையே?"

"எதுக்கு அடிக்கணும்? ரெண்டு பக்கமும் படிக்கட்டும்."

அவன் அதை மடிக்கப் போனான். வெடுக்கென்று பிடுங்கி, ஒரு புள்ளியும் மடிப்பில் விழாதபடி தானே மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிக் கொடுத்தாள்.